புகைப்பட அசைன்மென்ட் தாளைத் திருத்தி எழுதுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளில் புகைப்படப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும், அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

புகைப்படப் பாடம் நடத்துகிறவர்கள், செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள், மாணவர்களின் படங்களைப் பிரின்ட் போட்டுத் தருகிறவர்கள் என்று பலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். மாணவர் கையில் கொடுக்கப்படும் ஒரு பக்க அசைன்மென்ட் தாளைப் பற்றித்தான் இந்த மடல். பாடப்புத்தகத்தை மாற்றச் சொல்லவில்லை, புதுக் கேமரா வாங்கச் சொல்லவில்லை. அந்த ஒரு பக்கத்தை மாற்றினால் போதும் என்று நினைக்கிறோம்.

இப்போது பெரும்பாலான தாள்களில் இருப்பது தலைப்புகளின் வரிசை. ‘ஒளியும் நிழலும்’, ‘கோடுகள்’, ‘உருவப்படம்’, ‘இயற்கை’, ‘தெருக்காட்சி’. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல படம், குறித்த தேதிக்குள். ‘ஒளியும் நிழலும்’ என்று படித்த மாணவர் ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் விழுவதைப் பார்த்து, கேமராவை ஆட்டோ மோடில் வைத்து ஒரு படம் எடுக்கிறார். படம் நன்றாகவே வருகிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அந்த அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) ஏன், ஓரடி தள்ளி நின்றிருந்தால் நிழல் என்ன ஆகியிருக்கும், ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாகக் குறைத்திருந்தால் தரையின் சொரசொரப்பு தெரிந்திருக்குமா என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. குறை அவர்மேல் இல்லை. தாள் அதைக் கேட்கவே இல்லை.

நாங்கள் கேட்பது இரண்டே மாற்றங்கள். ஒவ்வொரு அசைன்மென்ட்டிலும் ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த ஒரு படத்தோடு, எடுத்த ஃப்ரேம் அத்தனையையும் சிறு படங்களாக ஒரே தாளில் அடுக்கிய கான்டாக்ட் ஷீட்டாக வாங்குங்கள். இந்த இரண்டும் ஏன் வேண்டும், செய்யும்போது எங்கே சறுக்கும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதல் வாரத்திலிருந்து தொடங்குவோம். எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விடுவது, என்ன என்பதைக் கரும்பலகையில் முக்கோணம் வரைந்து விளக்குவதைவிட, ஒரு வெள்ளைச் சுவர், ஒரு கிரே கார்டு (நடுச்சாம்பல் நிற அட்டை), ஒரு கறுப்புத் துணி இந்த மூன்றும் நன்றாக விளக்கிவிடும். மூன்றையும் ஒரே வெளிச்சத்தில், ஃப்ரேம் முழுக்க நிறையும்படி, கேமராவின் ஒளி மீட்டர் சொல்வதை அப்படியே கேட்டு எடுக்கட்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாக வரும். மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது, காட்டியதையெல்லாம் நடுச்சாம்பலாக்கப் பார்க்கிறது என்பது அந்த நிமிடத்தில் புரியும். பிறகு ஒவ்வொன்றையும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (மீட்டர் சொன்னதைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 3-இலிருந்து பிளஸ் 3 வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாக, ஏழு ஃப்ரேம் எடுக்கட்டும். மொத்தம் 21 ஃப்ரேம். வெள்ளைச் சுவர் பிளஸ் 2 பக்கத்தில்தான் வெள்ளையாகத் தோன்றும், கறுப்புத் துணி மைனஸ் 2 பக்கத்தில்தான் கறுப்பாகும். 1940-ஐ ஒட்டி அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிகளாகப் பிரித்துப் பார்க்கும் ஸோன் முறையின் அடிப்படை இதுதான். அதன் பெயரைச் சொல்லாமலே மாணவர் அதைக் கையால் செய்துவிடுகிறார்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான், அவற்றைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கேமராவே மாற்றிக்கொள்வது) அணைக்கப்படாமல் இருக்கும். மீட்டரிங் முழு ஃப்ரேமையும் அலசும் முறையில் இருக்கும். அதை ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட்டுக்கோ, நடுப்பகுதியை முதன்மையாக அளக்கும் சென்டர் வெயிட்டடுக்கோ மாற்ற வேண்டும். நிழலைத் தானாகத் தூக்கிக்காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, மெனுவில் தேடி அணைக்க வேண்டும். வெறும் சுவரில் ஆட்டோஃபோகஸ் பிடிப்பு கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். மேனுவலுக்கு மாற்றிவிட்டால் தொல்லை இல்லை, சுவர் ஃபோகஸில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜேபெக் மட்டும் எடுத்துவிட்டு, பிளஸ் 3-இல் சுவர் வெளுத்துப்போனதைப் பார்த்து ‘இதற்குமேல் ஒன்றும் இல்லை’ என்று முடிவு கட்டுவார்கள். கேமராவின் பின்திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இருட்டு, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வரையப்படுவது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலைக் கணினியில் திறந்து பார்த்தால் அதற்கு மேலும் கொஞ்சம் விவரம் மிஞ்சியிருப்பது தெரியும். எவ்வளவு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். தன் கேமரா எந்த இடத்தில் கைவிடுகிறது என்று கண்டுபிடித்து எழுதுவதே அந்த வார அசைன்மென்ட்டாக இருக்கலாம்.

இரண்டாவது, சம எக்ஸ்போஷர் ஏணி: துளையை ஒரு படி சுருக்கும்போதெல்லாம் ஷட்டரை ஒரு படி மெதுவாக்கி, ஒளியை அதே அளவில் வைத்து எடுப்பது. இங்கே தாள் எழுதுகிறவர்களே செய்யும் தவறு ஒன்று உண்டு: எஃப் 2.8-இலிருந்து தொடங்கச் சொல்வது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). மாணவர்கள் பலரிடம் இருப்பது கேமராவோடு வரும் 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். அது 18-இல் எஃப் 3.5 வரைதான் திறக்கும், 55-க்குப் போனால் 5.6-தான். ஆகவே 5.6-இலிருந்து தொடங்குங்கள். திறந்த நிழலில் ஐஎஸ்ஓ 100 வைத்தால் 5.6-க்கு ஷட்டர் 1/125 நொடி பக்கத்தில் வரும். அங்கிருந்து 8-க்கு 1/60, 11-க்கு 1/30, 16-க்கு 1/15, 22-க்கு 1/8. ஐந்து படங்களும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும், ஆனால் ஐந்தும் வேறு வேறு படங்கள். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர், மூன்று மீட்டர் தூரத்தில் மூன்று பொருள்களும், பக்கத்தில் ஒழுகும் குழாயும் ஃப்ரேமில் இருந்தால், எஃப் எண் கூடக்கூடப் பின்னால் இருப்பது தெளிவாவதும் தண்ணீர் நூலாக நீள்வதும் சேர்ந்தே தெரியும்.

இதில் முக்கியமான ஒரு வரி: ‘முதல் ஃப்ரேமைக் கடைசியில் மறுபடியும் எடுக்கவும்.’ ஐந்து படம் எடுத்து முடிப்பதற்குள் ஒரு மேகம் நகர்ந்துவிட்டால் ஏணி முழுக்கப் பொய்யாகிவிடும். முதலும் கடைசியும் ஒத்துப்போனால்தான் நடுவில் இருப்பதை நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டும். சோதனையைச் சோதிப்பது எப்படி என்பதை இந்த ஒரு வரி கற்றுக்கொடுத்துவிடும். இன்னொன்று, எஃப் 22-இல் எல்லாமே ஊசிமுனைத் தெளிவாக இருக்கும் என்று மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். சிறிய சென்சார் கேமராக்களில் எஃப் 8-இல் இருந்த நுணுக்கம் 22-இல் மங்கியிருக்கும். துளை சிறுக்கச் சிறுக்க ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதுதான் (டிஃப்ராக்‌ஷன்) காரணம். 100 சதவீதம் பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத மாணவருக்கு இது ஒருநாளும் தெரியாது. ட்ரைபாடும் இரண்டு நொடி டைமரும் இல்லாமல் இதைச் செய்யவிடாதீர்கள். கை நடுக்கத்தால் வந்த மங்கலை டிஃப்ராக்‌ஷன் என்று எழுதிவிடுவார்கள்.

அடுத்ததுதான் எங்களைக் கேட்டால் முழுப் பாடத்திலும் முதன்மையானது: நிற்கும் இடம்.

‘வைடு லென்ஸ் முகத்தைக் கோணலாக்கும், டெலி லென்ஸ் பின்னணியை அருகே இழுக்கும்’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம், தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் தருகிறோம். இது பாதி உண்மை. முகத்தைக் கோணலாக்குவது பக்கத்தில் போய் நிற்பது. லென்ஸ் செய்வதெல்லாம் எவ்வளவு வெட்டி எடுப்பது என்பதை மட்டும்தான். இதை மாணவரே நிரூபிக்கட்டும். ஒருவரை நிறுத்தி, 18-இல் 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ஒரு படம். பிறகு 55-க்கு மாற்றி, தலை ஃப்ரேமில் அதே அளவு தெரியும்வரை பின்னால் போய் ஒரு படம். கணக்குப்படி அது ஏறத்தாழ 1.8 மீட்டர். தலை ஒரே அளவு, ஆனால் முதல் படத்தில் மூக்கு முன்னால் வந்து காதுகள் பின்வாங்கியிருக்கும், பின்னால் உள்ள மரம் எங்கோ தூரத்தில் சிறிதாக நிற்கும். இரண்டாவதில் மரம் தோளுக்குப் பின்னால் பெரிதாக வந்து நிற்கும்.

இதோடு நிறுத்தினால் ‘லென்ஸ்தான் காரணம்’ என்ற முடிவுக்கே மறுபடி வருவார்கள். அதனால் மூன்றாவது ஒரு படம் வேண்டும்: 1.8 மீட்டரிலேயே நின்றுகொண்டு, லென்ஸை 18-க்குத் திருப்பி எடுத்தது. அதன் நடுவில், அகலத்தில் மூன்றில் ஒரு பங்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கும் வரும்படி வெட்டி, 55-இல் எடுத்ததோடு பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மூக்கு, காது, மரம் எல்லாம் அதே விகிதத்தில் இருக்கும். 24 மெகாபிக்சலில் இரண்டரை சொச்சம்தான் மிஞ்சும், சொரசொரப்பு தெரியும், பின்னணியின் மங்கலும் மாறியிருக்கும், ஆனால் பார்வைக்கோணம் ஒன்றே. இதைச் செய்து பார்த்த மாணவர் அதன்பிறகு ஜூமைத் திருகுவதற்கு முன்னால் காலை நகர்த்துவார். படத்தோடு பதிவாகும் மெட்டாடேட்டாவில் ஃபோகல் லெங்த் (18, 55 என்ற எண்) இருக்கும், தூரம் பெரும்பாலும் இருக்காது. ஆகவே அளவு நாடாவால் அளந்து நோட்டில் எழுதுவது கட்டாயம் என்று தாளில் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ‘மூன்றில் ஒரு பங்கு விதி’ என்ற அசைன்மென்ட்டை, அதாவது ஃப்ரேமை மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் முக்கியமானதை வைக்கும் பயிற்சியை, நீக்கிவிடுங்கள். கண்ணை மேல்கோட்டில் வைப்பதை எடுத்த பிறகு கணினியில் வெட்டியே செய்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கே நின்றார், எந்த உயரத்திலிருந்து பார்த்தார், எதை எதன் மேல் பட விடாமல் விலக்கினார் என்பதை எந்த வெட்டும் பிறகு மாற்றாது. கம்போசிஷன் மதிப்பெண் அதற்குப் போகட்டும்.

ஒளிக்கு வருவோம். ஸ்டுடியோ ஃப்ளாஷ் இல்லை, அதனால் லைட்டிங் அசைன்மென்ட் தர முடியாது என்பதை நாங்கள் ஏற்கவில்லை. இருட்டாக்கிய ஓர் அறை, ஒரு பல்பு, ஒரு முட்டை, ட்ரைபாடில் ஒரு கேமரா. பல்புக்கும் முட்டைக்கும் உள்ள தூரம் 1 மீட்டர், 1.4, 2, 2.8. கேமரா நகரக்கூடாது, பல்பு மட்டும் நகரும். ஒவ்வொரு முறையும் வெளிச்சம் பாதியாகக் குறையும். 1/50-இல் தொடங்கினால் அடுத்தது 1/25, பிறகு 1/13, 1/6 என்று ஷட்டரை மெதுவாக்கினால் முட்டையின் வெளிச்சம் நான்கிலும் ஒன்றாக வர வேண்டும்.

பெரும்பாலும் வராது. அதுதான் பாடம். சுவர் வெள்ளையாக இருந்தால் பல்பு தூரம் போகப்போகச் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒளியின் பங்கு கூடிக்கொண்டே போகும், அதனால் பின்னால் வரும் படங்கள் கணக்கைவிட வெளிச்சமாக இருக்கும். முட்டையைச் சுற்றிக் கறுப்புத் துணி தொங்கவிட்டு மறுபடி எடுத்தால் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். பல்புக்குப் பதில் ஜன்னலை வைத்துச் செய்தால் இந்தக் கணக்கு வேலை செய்யாது. பெரிய ஜன்னலுக்கு அருகில் தூரத்துக்கேற்ப ஒளி அவ்வளவு வேகமாகக் குறையாது. ஒளி மூலம் தன் அளவைப்போல ஐந்து மடங்கு தூரத்துக்கு அப்பால் போன பிறகுதான் கணக்கு சரியாக நடக்கும். எல்இடி பல்பாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உள்ள நாடுகளில் பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/250, 1/500 என்று ஷட்டரை வேகமாக்கினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழக்கூடும். 1/50 அல்லது 1/100 பாதுகாப்பு. 60 சுழற்சி உள்ள நாடுகளில் 1/60, 1/120.

இந்தப் பயிற்சியின் பலன் எங்கே தெரியும் என்றால், பின்சுவரில். முட்டை பல்பிலிருந்து 1 மீட்டர், சுவர் முட்டைக்குப் பின்னால் இன்னும் 1 மீட்டர் என்று வையுங்கள். சுவரில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் இருட்டு. பல்பை 4 மீட்டருக்குத் தள்ளினால் சுவர் 5 மீட்டரில் இருக்கும். வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டாப்தான். வெள்ளைச் சுவரைத் தொடாமலே அதைச் சாம்பலாக்கலாம், ஏறக்குறைய வெள்ளையாகவும் ஆக்கலாம். இந்த இரண்டு ஃப்ரேமையும் எடுத்துப் பார்த்த மாணவர், பின்னணித் துணி இல்லை என்று அப்புறம் புலம்ப மாட்டார். அடுத்து பல்புக்கு முன்னால் அரை மீட்டர் அகல மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதை முட்டைக்கு 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும் வைத்து எடுக்கட்டும். நிழலின் விளிம்பை மட்டும் பெரிதாக வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும்போது விளிம்பு கரைந்திருக்கும், தூரம் போனதும் கத்தி போல ஆகும். துணி அதேதான், முட்டையின் பார்வையில் அது சிறுத்துவிட்டது. மேலிருந்து பார்ப்பதுபோல ஒளி, பொருள், கேமரா, சுவர் நான்கும் தூரத்தோடு குறித்த படம் ஒன்று கூடவே வர வேண்டும். அது இல்லாத லைட்டிங் அசைன்மென்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பேனிங் (நகரும் பொருளோடு கேமராவையும் நகர்த்தி எடுப்பது), மெது ஷட்டர் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1/30-இல் நாற்பது ஃப்ரேம் கேளுங்கள், மூன்று தேறினால் நல்லது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மாணவர் பத்தாவது ஃப்ரேமிலேயே தனக்கு வரவில்லை என்று விட்டுவிடுவார்.

இனி கான்டாக்ட் ஷீட். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் 36 ஃப்ரேம் ஒரு ரோல். ஆறு ஆறாக வெட்டி ஒரே தாளில் ஆறு வரிசை வைத்தால் ஒரு ரோல் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். அந்த ஒழுங்கு ஃபிலிமோடு போக வேண்டியதில்லை. ஓர் அசைன்மென்ட்டுக்கு 36 ஃப்ரேம், கார்டிலிருந்து எதையும் அழிக்கக்கூடாது, ஆறுக்கு ஆறாக ஒரு தாளில், ஒவ்வொன்றின் கீழும் ஃபைல் எண்ணும் ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃபோகல் லெங்த்தும். தேர்ந்தெடுத்ததைச் சுற்றி வட்டம். நெருங்கி வந்து தவறிய ஐந்து படங்களின் அருகே ஒரு வரி: ‘ஃபோகஸ் கண்ணில் இல்லை, காதில் விழுந்துவிட்டது’, ‘தலைக்குப் பின்னால் கம்பம்’, ‘1/40-இல் அவர் கை நகர்ந்துவிட்டது’. ‘நன்றாக வரவில்லை’ என்று எழுதினால் செல்லாது.

முப்பது மாணவர்களுக்கு 1,080 ஃப்ரேம், யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம். பழகிய கண்ணுக்கு ஒரு ஷீட்டுக்கு மூன்று நிமிடம் போதும், முப்பது ஷீட் ஒன்றரை மணி நேரம். ஷீட்டில் தெரிவது தனிப்படத்தில் ஒருநாளும் தெரியாது. 36-உம் நின்ற உயரத்திலிருந்தே எடுத்தவையா? எல்லாம் படுக்கை வாக்கிலா? ஒரு நல்ல படம் கிடைத்த உடனே நிறுத்திவிட்டாரா, அல்லது அதற்கப்புறமும் சுற்றி வந்தாரா? ஒரே காட்சியை முப்பது முறை அழுத்திவிட்டு நகர்ந்தாரா? ‘இன்னும் இரண்டடி கிட்டே போயிருக்கலாம்’ என்று பொதுவாகச் சொல்வதற்கும், ‘14-ஆவது ஃப்ரேமில் போயிருக்கிறாய், 15-இல் ஏன் திரும்பி வந்துவிட்டாய்’ என்று கேட்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. இரண்டாவது கேள்வியைத்தான் மாணவர் மறக்கமாட்டார்.

கணினி உருவாக்கிய படங்களைப் பற்றிய கவலைக்கும் எங்கள் பதில் இதுவே. கண்டுபிடித்துத் தரும் மென்பொருளை நம்பி ஒரு மாணவரைக் குற்றம் சாட்டாதீர்கள், அவை தவறாகவும் சொல்லும். முன்னும் பின்னும் ஃப்ரேம் உள்ள ஷீட்டும், தேர்ந்தெடுத்த மூன்று படங்களின் ரா ஃபைலும் கேட்டுவிட்டால் பெரும்பாலும் அந்தப் பேச்சே எழாது. 36 ரா ஃபைலையும் கேட்க வேண்டாம். 24 மெகாபிக்சல் கேமராவில் அது ஒரு ஜிபிக்குப் பக்கத்தில் வரும், வகுப்புக்கு முப்பது ஜிபி ஆகிவிடும். மெசேஜ் ஆப்பில் படமாக அனுப்பச் சொல்வதையும் நிறுத்துங்கள். அது படத்தைச் சுருக்கி, மெட்டாடேட்டாவையும் உதிர்த்துவிடும். பிறகு ‘மெட்டாடேட்டா இல்லை, ஏமாற்றிவிட்டாய்’ என்று மாணவரைக் கேட்பது அநியாயம்.

மனிதர்களைப் படமெடுக்கும் அசைன்மென்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘உணர்ச்சி’, ‘வாழ்க்கை’ என்று தலைப்பு கொடுத்தால் வருபவை சுருக்கம் விழுந்த முதியவர் முகமும், நடைபாதையில் தூங்குகிறவரும், அழுக்குச் சட்டைக் குழந்தையும்தான். மறுத்துப் பேச முடியாதவர்கள் என்பதால்தான் அவர்கள் அந்த ஃப்ரேமுக்குள் இருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையாக்கிக் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியதும் அதற்கு மதிப்பெண் கிடைத்தால், அடுத்த ஆண்டு மாணவரும் அங்கேதான் போவார். தவறு நம் தாளில் தொடங்குகிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொரோத்தியா லாங் 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த ‘மைக்ரன்ட் மதர்’ படத்தை எல்லா வகுப்பிலும் காட்டுகிறோம். அதை எடுத்தபோது எடுத்த மற்ற ஃப்ரேம்களையும் சேர்த்துக் காட்டுங்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் அவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. கூடாரம் முழுக்கத் தெரியும் ஃப்ரேமும் உண்டு, முகமும் குழந்தைகளும் மட்டுமே நிறைந்த ஃப்ரேமும் உண்டு. நிற்கும் இடத்தைப் பற்றி இதைவிட நல்ல பாடம் கிடையாது. கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்று உலகத்துக்குத் தெரியவந்தது 1978-இல், 42 ஆண்டுகள் கழித்து.

ஆகவே உருவப்பட அசைன்மென்ட் இப்படி இருக்கட்டும்: ஒரே மனிதர், மூன்று வெவ்வேறு நாட்கள், அவர் வேலை செய்யும் அல்லது வாழும் இடம். பெயர், சம்மதம் இரண்டும் எழுத்தில். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம். மூன்றாம் நாள் போகும்போது முதல் நாள் படத்தின் ஒரு பிரின்ட் அவர் கைக்குப் போக வேண்டும். யார், எங்கே, எப்போது, என்ன செய்கிறார் என்று கேப்ஷன் இரண்டு வாக்கியம். முதல் நாள் ஷீட்டில் அவர் விறைத்து நிற்பார், மூன்றாம் நாள் ஷீட்டில் கேமராவை மறந்திருப்பார். மூன்று ஷீட்டையும் பக்கத்தில் வைத்தால் மாணவர் என்ன கற்றார் என்பது தெரியும். படக்கட்டுரைக்கும் இதுவே அடித்தளம்: எட்டுப் படம், அவற்றில் இடத்தைக் காட்டுவது, கைகளைக் காட்டுவது, அவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள உறவைக் காட்டுவது என்று ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யக்கூடாது. இந்த இரண்டு அசைன்மென்ட்டிலும் படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது என்பதைத் தாளில் தெளிவாக எழுதுங்கள்.

பிரின்ட் விஷயத்தில் இரண்டு தவறுகள் ஓயாமல் வருகின்றன. கேமராவின் ஃப்ரேம் 3-க்கு 2 விகிதம், கேட்கும் தாள் 8-க்கு 10. முழு உயரத்தையும் வைத்தால் நீளம் 12 அங்குலம் வேண்டும், அதனால் பக்கத்துக்கு ஒரு அங்குலம் வெட்டுப்படும். மாணவர் ஓரத்தில் கவனமாக வைத்த உருவம் போய்விடும், பிறகு கம்போசிஷனுக்கு மதிப்பெண் குறையும். 8-க்கு 12 கேளுங்கள், அல்லது வெள்ளை ஓரத்தோடு முழுப் படத்தையும் போட அனுமதியுங்கள். மற்றது, திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து எடிட் செய்வது. திரையில் பளிச்சென்று இருந்தது பிரின்ட்டில் இருண்டுவிடும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒப்பிட்டு, முதலில் ஒரு சிறு துண்டு பிரின்ட் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

கேமரா இல்லாத மாணவர்களை மறந்துவிடவில்லை. ஐந்து கேமரா, முப்பது பேர் என்றால் ஆறு பேர் ஒரு குழு. ஒருவர் எடுக்க, ஒருவர் அளக்க, ஒருவர் நோட்டில் எழுத, ஒருவர் ஒளியைப் பிடிக்க, ஒருவர் முன்னால் நிற்க, ஒருவர் பின்னணியையும் ஓரங்களையும் கவனிக்க, பிறகு இடம் மாறட்டும். மேலே சொன்ன அளவுப் பயிற்சிகள் எல்லாம் இப்படித்தான் நன்றாக நடக்கும். ஃபோனில் செய்யக்கூடியவையும் உண்டு. கான்டாக்ட் ஷீட், நிற்கும் இடம், ஒளியின் தூரம் எல்லாம் செய்யலாம். பெரும்பாலான ஃபோன்களில் அப்பர்ச்சர் மாறாது, ஆகவே ஏணியை மட்டும் ஃபோனில் கேட்காதீர்கள். போர்ட்ரெய்ட் மோடு தரும் மங்கல் கணக்கிட்டுப் பூசியது. முடி ஓரத்திலும் கண்ணாடி விளிம்பிலும் பார்த்தால் தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணைப் பற்றி: 25 என்றால் ஷீட்டுக்கும் நோட்டுக்கும் 10, தேர்வுக்கும் காரணத்துக்கும் 5, தொழில்நுட்பத்துக்கு 5, இறுதிப் படத்துக்கு 5. திருத்திய ஷீட் ஒரு வாரத்துக்குள், அடுத்த அசைன்மென்ட் தொடங்கும் முன் கைக்கு வர வேண்டும். ஒருமுறை திரும்ப எடுத்துத் தர அனுமதி வேண்டும். செமஸ்டர் முடிந்த பிறகு வரும் மதிப்பெண்ணால் யாரும் எதையும் திரும்ப எடுக்கப்போவதில்லை.

வரும் செமஸ்டரிலேயே தொடங்க வசதியாக, ‘ஒளியும் நிழலும்: ஒரு சிறந்த படம்’ என்ற பழைய வரிக்குப் பதிலாக நாங்கள் முன்வைக்கும் தாள் இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘ஒரு ஜன்னல், ஒரு நபர். அறையின் மற்ற விளக்குகளை அணைக்கவும். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) டேலைட், மூன்றையும் மாற்றக்கூடாது. ஷட்டர் மட்டும் மாறலாம், 1/60-க்குக் கீழே போனால் ட்ரைபாட். அவரை ஜன்னலிலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டரில் நிறுத்தவும். ஒவ்வொரு தூரத்திலும் ஜன்னல் அவருக்கு முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று திசைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஃப்ரேம். மொத்தம் 36. முகத்தின் வெளிச்சப் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் தனித்தனியே ஸ்பாட் மீட்டரில் அளந்து, எத்தனை ஸ்டாப் வித்தியாசம் என்று எழுதவும். பிறகு நிழல் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, எந்தத் தூரத்தில் பிடித்தால் வித்தியாசம் ஒரு ஸ்டாப் குறைகிறது என்று கண்டுபிடிக்கவும். அந்த ஃப்ரேம்கள் 36-இல் சேராது, தனி ஷீட். மூன்று படம் தேர்ந்தெடுக்கவும். மூன்றில் ஒன்று, உங்களுக்கே முதலில் பிடிக்காமல் இருந்து பிறகு பிடித்ததாக இருக்கட்டும். ஏன் மனம் மாறியது என்று ஐந்து வரி எழுதவும்.’

இப்படிக்கு,
புகைப்படப் பாடம் நடத்துகிறவர்களும், மதிப்பெண் போடுகிறவர்களும், பிரின்ட் போடுகிறவர்களும்